புத்தூர் கோரஸ்

புத்தூர்
12.2.1998

தங்கச்சி யமுனாவுக்கு,

ரமணன் எழுதுகிறேன். நீ குவைத்துக்குப் போன நாளிலிருந்து வீட்டுக் கடிதமெல்லாம் உன் அண்ணி ரூபாதான் எழுதுகிறாள். கீழே "உன் அண்ணனும் விசாரித்தார்" என்று ஒரு வரி சேர்ப்பாள். நான் விசாரிக்கவில்லை என்பது உனக்கும் தெரிந்திருக்கும். இந்தத் தடவை பேனாவை என் கையில் கொடுத்து, "இது உங்க ரெண்டு பேர் விஷயம். நீங்களே எழுதுங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

விஷயம், நான் மேடையில் வாசிக்கிற டேப் கீபோர்ட் பெட்டியைப் பற்றியது.

போன வாரம் பாகாலாவில் ஒரு ரிசப்ஷன். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறும்போது ஹம்மிங் வரவேண்டும். கீயை அழுத்தினேன். உள்ளே டேப் சிக்கிக்கொண்டது. உன் குரல் மெல்ல இழுபட்டு, கீழே கீழே இறங்கி, கடைசியில் எருமை கத்துவதுபோல் ஆகிவிட்டது. கூட்டம் சிரித்தது. பெண்ணின் மாமன் மேடைக்கே வந்துவிட்டான். "ஏன்யா, கல்யாண வூட்ல ஒப்பாரி வெக்கிறியா?" என்று கேட்டான். நான் தலை குனிந்து பின்பக்கப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

மழைக்காலத்தில் டேப் ஈரம் இழுக்கிறது. வெயிலில் மோட்டார் வேகம் மாறிச் சுருதி ஏறுகிறது. நாலு பேர் தூக்கினால்தான் வேனில் ஏறும். தூக்கித் தூக்கித் தோள் இறங்கிவிட்டது. ஊர் ஊராக ஆட்கள் எலும்பு முறிவுக்கு வந்து கட்டுப்போட்டுக்கொள்கிற புத்தூரில், நானும் போய் வரிசையில் உட்கார்ந்து கட்டுப்போட்டுக்கொண்டு வந்தேன்.

அந்த ரிசப்ஷனில் மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன் இருந்தான். பெயர் ஹரிபாபு. சித்தூர்க்காரன், பெங்களூரில் எலக்ட்ரானிக்ஸ் வேலை. நிகழ்ச்சி முடிந்ததும் வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். ஒவ்வொரு கீக்கும் கீழே ஒரு துண்டு டேப், அதில் ஒரு பெண் அந்தச் சுரத்தை மட்டும் எட்டு விநாடி பாடியிருக்கிறாள், விரலை எடுத்தால் ஸ்பிரிங் டேப்பைப் பின்னால் இழுத்துக்கொள்ளும் என்று காட்டினேன். கோயிலுக்குள் வந்தவன்போல் பார்த்தான். பிறகு சொன்னான்: "ணா, பெட்டி அப்படியே இருக்கட்டும். உள்ள இருக்கிற டேப்பு, மோட்டாரு எல்லாத்தையும் எடுத்துடலாம். இந்தக் குரலைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி ஒரு ஃபிளாப்பில போட்டு, அதைப் படிக்கிற சின்ன மிஷினை உள்ள வெச்சுட்டா, ஒரு ஆளு தூக்கிக்கினு போய்டலாம்."

எனக்கு ஆசையாக இருக்கிறது. மறைக்கவில்லை. உன் குரல் என்பதால் உன்னைக் கேட்க வேண்டும் என்கிறாள் ரூபா. கேட்டுவிட்டேன்.

நைனா நன்றாக இருக்கிறார். குத்தகை நிலத்தில் நெல் போட்டிருக்கிறார்.

ரமணன்


குவைத்
20.3.1998

அண்ணனுக்கு,

கடிதத்தின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் நைனாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டேன். பெட்டிக்குத்தான் உடம்பு சரியில்லை என்று தெரிந்ததும் நிம்மதியாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

அந்தப் பெட்டியை நீ மெட்ராஸ் ஸ்டுடியோவிலிருந்து லாரியில் கொண்டுவந்து இறக்கியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஸ்டுடியோவில் புது சிந்தசைஸர் வந்துவிட்டது, இதைக் குப்பையில் போட இருந்தார்கள் என்றாய். உள்ளே இருந்த வெள்ளைக்காரர்களின் குரலெல்லாம் பூஞ்சை பிடித்துப் போயிருந்தது. "நீ பாடு, உன் குரலை ஏத்திடலாம்" என்றாய். ஞாயிற்றுக்கிழமைகளில் இஸ்கூல் கட்டடத்தில், ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்கப் பாடினேன். ஒரு சுரம் பாடுவேன், நீ கை காட்டியதும் நிறுத்துவேன். முப்பத்தைந்து கீக்கும் முப்பத்தைந்து தடவை. அதற்கு முன்னால் உன் ஆர்கெஸ்ட்ராவில் ஹம்மிங் பாடிக்கொண்டிருந்தவள் நான்தான். எனக்குப் பதிலாக நானே ஆள் தயார் செய்து கொடுக்கிறேன் என்று பத்தொன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.

பிறகு சத்தியவேட்டில் கட்டிக்கொடுத்தீர்கள். அங்கே நடந்ததை எழுதப்போவதில்லை. திரும்பி வந்தேன். மறுபடி பாடுகிறேன் என்று உன்னிடம் வந்து கேட்டேன். நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "ஹம்மிங்குக்குத்தான் பெட்டி கீதே" என்றாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நேற்று வாங்கின உப்பு இன்னும் இருக்கிறது என்பதுபோல் சொன்னாய். அடுத்த மாதம் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டேன்.

இங்கே ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிற வேலை. குளிப்பாட்டி, துன்ன வைத்து, மாத்திரை கொடுத்து, படுக்க வைக்க வேண்டும். சமையலுக்கு ராஜம்பேட்டை சுந்தரம்மா இருக்கிறாள். இருவருக்கும் ஒரே அறை. கெட்ட வீடு இல்லை. ஆனால் எப்போதும் அசதி. தூங்கி எழுந்தாலும் அசதி.

நீ கேட்டதற்குப் பதில்: வேண்டாம். பெட்டியை மாற்று, தோளைக் காப்பாற்றிக்கொள். அதற்குள் வேறு யார் குரலையாவது வாங்கிப் போடு. கடையில் கிடைக்கிறது என்கிறார்கள். டேப்போடு என் குரலும் போகட்டும்.

யமுனா


புத்தூர்
5.6.1998

யமுனாவுக்கு,

உன் கடிதம் வந்துசேர்வதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஹரிபாபுவுக்கு லீவு கிடைத்தது அப்போதுதான். சித்திரையில் முகூர்த்தங்கள் வரிசையாக இருந்தன. உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். வந்தால் வரட்டும் என்றுதான் செய்தேன். கடையில் கிடைக்கிற குரல்களையும் கேட்டுப் பார்த்தேன். பிளாஸ்டிக் டம்ளரில் வாய் வைத்து ஊதுவதுபோல் இருந்தது. என் பாட்டுக்கு அது ஒட்டவில்லை.

என்ன செய்தான் என்று சொல்கிறேன். பெங்களூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டரைக் காரில் கொண்டுவந்தான். எல்லா டேப்பையும் ஓடவிட்டுக் கேட்டான். எல்லாவற்றையும் ஏற்ற ஃபிளாப்பியில் இடம் போதாது என்றான். அதனால் நல்ல சுரங்களாகச் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டான். நடுவில் இருக்கிற சுரங்களை மிஷினே இழுத்து நிரப்பிக்கொள்ளும். அந்தச் சிலவற்றிலும் நடுத்துண்டை மட்டும் வெட்டி, முனையோடு முனை சேர்த்துவிட்டான். அது சுற்றிச் சுற்றி வரும். முன்பெல்லாம் எட்டு விநாடிக்குள் விரலைத் தூக்கிவிட வேண்டும், இல்லையென்றால் பாதியில் நின்றுபோகும். இப்போது எவ்வளவு நேரம் அழுத்தினாலும் நீ பாடிக்கொண்டே இருக்கிறாய்.

பெட்டியை இப்போது நானே தூக்கிப் பஸ்ஸில் ஏற்றுகிறேன். சித்தூரில் மூன்று கல்யாணம், திருப்பதியில் ஒரு காலேஜ் விழா. ஒரு இடத்திலும் தகராறு இல்லை. உனக்குச் சொன்னால் புரியுமோ என்னவோ, பத்து வருஷமாக மேடையில் உட்கார்ந்தால் எனக்குப் பாதிக் காது பாட்டில், பாதிக் காது பெட்டிக்குள் என்ன உடையப்போகிறதோ என்று இருக்கும். இப்போது முழுக்காதும் பாட்டில் இருக்கிறது.

பழைய டேப்புகளை நைனா எடுத்துக்கொண்டு போய்விட்டார். முடிச்சுப்போட்டு நீளமாக்கி, குருவி விரட்ட நெல்லுக்கு மேலே இழுத்துக் கட்டியிருக்கிறார். காற்றடித்தால் விர்ரென்று சத்தம் வருகிறது. "என் பொண்ணு நல்லா காவல் காக்குறா" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்.

சுந்தரம்மாவின் தம்பி குவைத் வருகிறான் என்று ரூபா சொன்னாள். அவனிடம் ஒரு கேசட் கொடுத்தனுப்புகிறேன். திருப்பதி நிகழ்ச்சியில் பதிவு செய்தது. கேட்டுவிட்டுத் திட்டு.

ரமணன்


குவைத்
4.9.1998

அண்ணனுக்கு,

வேண்டாம் என்றேன், செய்துவிட்டாய். கேட்டாய் என்பதே பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டேன். சண்டை போடுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும்.

கேசட் வந்தது. வெள்ளிக்கிழமை மதியம், கிழவி தூங்கிய பிறகு, அடுப்படியில் உட்கார்ந்து போட்டோம். நீ நன்றாக வாசித்திருக்கிறாய். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பயமில்லாமல் வாசிக்கிறாய், கேட்கும்போதே தெரிகிறது.

பிறகு ஹம்மிங் வந்தது. சுந்தரம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டுக் கேட்டாள். தெலுங்கில், "எவரம்மா ஈ பில்ல?" என்றாள். யாரு இந்தப் பொண்ணு என்று. கொஞ்ச நேரம் கழித்து, இவள் மூச்சே விடமாட்டாளா என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. பழைய டேப்பில் ஒவ்வொரு சுரத்தின் கடைசியிலும், நீ கை காட்டியதும் நான் மூச்சு இழுப்பது கேட்கும். சின்னச் சத்தம்தான். ஹரிபாபு அதை வெட்டிவிட்டான். வெட்டியது சரியாகத்தான் இருக்கும்.  எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

அது நான்தான் என்று சுந்தரம்மாவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. இத்தனை நாளில் நீ ஒரு பாட்டுக்கூட முணுமுணுத்துக் கேட்டதில்லையே என்றாள். அவள் சொன்னது நிஜம். பாட வேண்டும் என்றே இங்கே தோன்றியதில்லை.

அவள் போன பிறகு துணி துவைக்கிற இடத்தில் நின்று பாடிப் பார்த்தேன். மேலே போகவே இல்லை. ஏ.சி. குளிரும் தரை கழுவுகிற மருந்து வாடையும் தொண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டுவிட்டன. கேசட்டில் இருக்கிறவள் மேலே நின்று பாடிக்கொண்டிருக்கிறாள், நான் கீழே நின்று இருமுகிறேன்.

நைனா செய்ததுதான் எனக்குப் பிடித்திருந்தது. அவர் காவலுக்காவது வைத்துக்கொண்டார்.

யமுனா


குவைத்
15.2.1999

அண்ணனுக்கு,

யாருக்கு விற்றாய்?

சுந்தரம்மா ஊருக்குப் போய் நேற்றுத் திரும்பி வந்தாள். திருப்பதியில் வாங்கியதென்று ஒரு சாமிப் பாட்டு கேசட் கொண்டுவந்திருக்கிறாள். யாரோ ஒருவர் பெருமாளைப் பாடுகிறார். பின்னால் என் குரல். முதலில் உன் நிகழ்ச்சியாக இருக்கும் என்று நினைத்தேன். உறையைப் பார்த்தேன். உன் பெயர் இல்லை. வாசித்தவன் பெயர் வேறு.

இன்னொரு கேசட்டும் கொண்டுவந்திருந்தாள். அது அம்மன் பாட்டு. அதிலும் நான்தான்.

சுந்தரம்மா இப்போது நம்புகிறாள். "அப்போ உன்னைத்தான் ஊரெல்லாம் பாட வெக்கிறாங்க, நீ ஏன் இங்க பாத்ரூம் கழுவுற?" என்று கேட்டாள். சும்மா கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.  உன்னிடம் பதில் இருந்தால் எழுது.

யமுனா


புத்தூர்
22.3.1999

யமுனாவுக்கு,

நான் விற்கவில்லை. நைனா மேல் ஆணை. நீ நம்ப வேண்டும் என்பதற்காக, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

தை மாதம் திருப்பதியில் ஒரு கல்யாணம். எங்கள் மண்டபத்துக்குப் பக்கத்து மண்டபத்திலும் கல்யாணம். எங்கள் பாட்டுக்காரர் தண்ணீர் குடிக்க நிறுத்தினார். நான் கையை எடுத்துவிட்டேன். ஆனால் ஹம்மிங் நிற்கவில்லை. பெட்டிதான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து ஸ்விட்சை அணைத்தேன். அப்போதும் கேட்டது. பக்கத்து மண்டபத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

இடைவேளையில் அங்கே போனேன். கீபோர்ட் வாசித்தவன் நகரிக்காரன், கோபிகிருஷ்ணன் என்று பெயர். மடியில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு சின்னக் கீபோர்ட்.

"தம்பி, இந்த ஹம்மிங் எங்க புடிச்ச?" என்று கேட்டேன்.

"இதுவாணா? பெங்களூர் சவுண்டு. புத்தூர் கோரஸ்னு பேரு. சித்தூர், திருப்பதி, வேலூர், எல்லாம் இதைத்தான் போட்டுக்கினு கீறாங்க. உங்களுக்கு வேணும்னா காப்பி பண்ணித் தரட்டா?"

"யாரு பாடினது, தெரியுமா?"

"யாரும் பாடலணா. கம்ப்யூட்டர்ல செஞ்சது."

 "நல்லா இருக்குது தம்பி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உன் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அந்தப் பெண் எங்கே என்று கேட்பான். அதற்குப் பயந்து சொல்லவில்லை.

மறுநாளே சித்தூர் போய், லீவில் வந்திருந்த ஹரிபாபுவைப் பிடித்தேன். சண்டை போடத்தான் போனேன். அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. ஒரு நண்பன் கேட்டான், கொடுத்தேன் என்றான். அந்த நண்பன் இன்னொருவனுக்குக் கொடுத்தான். யாரும் யாரிடமும் காசு வாங்கவில்லை. "நல்லா இருந்துது ணா, அதான் பரவிடுச்சு" என்றான். நிறுத்த முடியாதா என்றேன். "எப்படி நிறுத்துறது? டேப்பா இருந்தப்போ அந்தக் குரலைத் திருடணும்னா பெட்டியவே தூக்கிக்கினு ஓடணும். இப்போ சட்டைப் பையில போட்டுக்கினு போய்டுவாங்க. தூக்க லேசா இருக்கணும்னு நீதானே கேட்ட?"

நான்தான் கேட்டேன். அதனால் எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது என் நிலைமை இது. முன்பு, "அந்தப் பெரிய பெட்டிக்காரரைக் கூப்பிடு, அவர்கிட்டதான் அந்தக் குரல் இருக்குது" என்று தேடி வருவார்கள். பெட்டி அடிக்கடி கெட்டாலும் வருவார்கள். இப்போது அந்தக் குரல் எல்லாரிடமும் இருக்கிறது. என்னைவிடச் சின்னப் பையன்கள், என்னைவிடச் சின்னப் பெட்டிகள். இந்த மாசியில் எனக்கு ஒரு கல்யாணம்கூட வரவில்லை. தோள் மட்டும் நன்றாக இருக்கிறது.



ரமணன்


குவைத்
14.5.1999

அண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். என்னைப் பெட்டி வெளியேற்றியது, உன்னை ஃபிளாப்பி வெளியேற்றுகிறது. சுந்தரம்மாவிடமும் சொல்லிச் சிரித்தேன். பிறகு உனக்கு மாசியில் வேலை இல்லை என்ற வரி உறுத்த ஆரம்பித்தது. சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு அந்தக் காலி மாதம் எப்படி இருக்கும் என்று தெரியும்.

நீ விற்கவில்லை என்பதை நம்புகிறேன். விற்கத் தெரிந்தவனாக இருந்தால் அந்தப் பெட்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கமாட்டாய்.

ஒன்று கேட்கிறேன். இந்தத் தடவை கேட்டபடி செய். உன்னிடம் இருக்கிற ஃபிளாப்பியிலிருந்து என் குரலை அழித்துவிடு.

ஊரில் மற்றவர்களிடம் இருப்பதைப் பிடுங்க முடியாது, தெரியும். அது இருந்துவிட்டுப் போகட்டும். சாமிப் பாட்டுக்குப் பின்னால் ஒலித்தால் எனக்கென்ன நஷ்டம்? அந்தப் பையனுக்கு அது கம்ப்யூட்டர் செய்த சத்தம். அவன் என்னை வேண்டாமென்று சொல்லவில்லை. நான் இருப்பதே அவனுக்குத் தெரியாது. நீ அப்படி இல்லை அண்ணா. யார் பாடியது என்று தெரிந்து அந்தக் கீயை அழுத்துகிறவன் நீ ஒருவன்தான். நான் வீட்டில் இருந்தபோதும் அழுத்தினாய். பக்கத்து அறையில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு நீ பழகுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். என் குரல் வேலைக்குப் போய்க்கினு இருக்குது, நான் வூட்ல கீறேன் என்று அண்ணியிடம் ஒரு நாள் சொன்னேன். அவள் அழுதுவிட்டாள். உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள்.

உன் மேடையில் மட்டும் நான் இல்லாவிட்டால் இல்லாமலே இருக்கட்டும். இருப்பதுபோல் வேண்டாம்.

கிழவிக்கு உடம்பு மோசமாகிறது. ராத்திரியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே படுத்திருக்கிறாள். கை மரத்துப்போகிறது. இதற்கு மேல் எழுத முடியவில்லை.

யமுனா


புத்தூர்
28.9.1999

யமுனாவுக்கு,

இத்தனை மாதம் பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. நீ கேட்டதைச் செய்யாமல் எழுதக் கை ஓடவில்லை. செய்யவும் மனம் வரவில்லை. அதையும் அழித்துவிட்டால் அந்தப் பெட்டியில் எனக்கென்று என்ன மிச்சம் என்று தோன்றியது. ஆடி முழுக்க ஃபிளாப்பியைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.  

விநாயக சதுர்த்திக்குக் காணிப்பாக்கத்தில் நிகழ்ச்சி. இந்த வருஷம் எனக்கு வந்த பெரிய மேடை அதுதான். கிளம்புகிற அன்று காலையில் அழித்தேன். அழிப்பதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. நீ வியர்க்க வியர்க்க எத்தனை ஞாயிற்றுக்கிழமை பாடினாய்.

வேறு குரல் எதையும் அந்த இடத்தில் போடவில்லை. ஹம்மிங் வரவேண்டிய இடத்தில் தபேலா மட்டும் ஓடியது. எங்கள் ஆட்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. முதல் பாட்டில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் விரல்கள் பழக்கத்தில் அங்கே போய் நின்றன. கீயைத் தொட்டேன், அழுத்தினேன், ஒன்றும் வரவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு வியர்த்துவிட்டது. நைனாவோடு சின்ன வயதில் கிணற்றில் இறங்கும்போது, கால் வைக்கப்போன படி அங்கே இல்லாமல் போனதுபோல்.

கூட்டத்தில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கை தட்டினார்கள், சட்டையில் ரூபாய் நோட்டுக் குத்தினார்கள், அடுத்த பாட்டைக் கேட்டார்கள். கமிட்டிக்காரர் துண்டு போர்த்தி, "ஏமய்யா ரமணா, சவுண்டு போன வருஷத்தைவிட சுத்தமா இருக்கு" என்று பாராட்டினார். இத்தனை வருஷம் தூக்கிச் சுமந்ததை ஒருவர்கூடக் காணோமே என்று தேடவில்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ரூபா மட்டும் சொன்னாள்: "நடுநடுவுல எடம் காலியா கீது."

"எங்க?" என்றேன், தெரியாதவன்போல்.

"யமுனா எங்க பாடுவாளோ அங்க."

பாட்டுக்காரர் வேறு பெண் யாரையாவது கூட்டிக்கொள்ளலாம் என்கிறார். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நீ அன்றைக்கு வந்து கேட்டபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருந்தாய். என்ன சாப்பிட்டேன் என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. இப்போது நான் கேட்கிறேன். வந்து பாடுகிறாயா? சம்பளம் மற்ற பாட்டுக்காரருக்கு என்னவோ அதுதான். நிகழ்ச்சிகள் குறைவு, அதை மறைக்கவில்லை. குவைத்தில் வருவது இங்கே வராது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது. இந்தத் தடவை உன் பதில் வந்த பிறகுதான் எதையும் செய்வேன்.

ரமணன்


குவைத்
10.12.1999

அண்ணனுக்கு,

கிழவி போன மாதம் இறந்துவிட்டாள். கடைசியில் அவளுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. ஒரு நாள் அவள் அழுகையை நிறுத்துவதற்காக, என்ன செய்வதென்று தெரியாமல், ஏதோ ஒரு ராகத்தை மெதுவாக இழுத்தேன். நின்றுவிட்டது. அதற்குப் பிறகு தினமும் பாட வேண்டியதாகிவிட்டது. வார்த்தை அவளுக்குப் புரியாது, எனக்கும் பாதி மறந்துவிட்டது. வீட்டுக்காரி கதவருகே நின்று கேட்டுவிட்டுப் போவாள். சுந்தரம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவாள்.

இந்த வீட்டில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள. நல்ல மனிதர்கள்தான். மாசியில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உனக்காக வருகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன்மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தேடிப் பார்த்தேன். முழுதாகப் போகவில்லை. கொஞ்சம் இருக்கிறது, இருக்கட்டும். வேலை செய்து செய்து எனக்கு அலுத்துவிட்டது. அலுத்துத்தான் போக வேண்டும் என்றால் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்து அலுத்துப்போகிறேன்.

ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் மேடையில் என் பெயரைச் சொல்ல வேண்டும். ஹம்மிங் மட்டும் இல்லை, ஒரு முழுப் பாட்டாவது எனக்கு வேண்டும். பஸ்ஸில் முன் சீட்டு எனக்கும் அண்ணிக்கும். உன் தோள்தான் சரியாகிவிட்டதே, நீ பின்னால் உட்காரு.

இன்னொன்று, இதைப் பாட்டுக்காரரிடம் இப்போதே சொல்லிவிடு. பத்தொன்பது வயதில் நான் ஐந்தரைக் கட்டையில் பாடினேன். இப்போது நாலு கட்டைக்கு மேல் ஏறவில்லை. குரலும் கொஞ்சம் தடித்திருக்கிறது. பழையதை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். எல்லாப் பாட்டையும் இறக்கி வாசித்துப் பழகுங்கள். அவர் முனகினால், பாடுகிறவளுக்குத் தகுந்தாற்போல்தான் சுருதி வைக்க வேண்டும் என்று சொல்.

யமுனா